உள்பக்கம் கை விட்டுப் பார்ப்பவர்

அவர் எந்தக் காடியையும், கார் வேன் எதுவானாலும், முன்னால் நின்று பார்க்க மாட்டார். புதுசா பழசா, யாருடையது, என்ன விலை, ஒன்றும் கேட்க மாட்டார். நேராக முன்சக்கரத்துப் பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் வலது கையை முழங்கை வரை விடுவார். கண்ணை மூடிக்கொள்வார். உள்ளங்கை டயர் மேல் வெளியேயிருந்து உள்ளே ஒரு தரம் போகும். உள்ளேயிருந்து வெளியே ஒரு தரம் வரும். பிறகு எழுந்து, இடுப்பில் செருகிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, காடிக்காரர் முகத்தைப் பார்க்காமலே சொல்வார்.

"உங்களுக்கு ரௌண்டபௌட்ல பிரேக் புடிக்கிற பழக்கம் இல்ல போல."

காடிக்காரர் திருதிருவென்று முழிப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு டயர் கடை. இரண்டு காடி நிற்கிற அகலம்தான். மூன்றாவது வந்தால் ரோட்டோரம் நிற்க வேண்டும். முதலாளி சீனர், அவரை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். டயர் கழற்றி மாட்ட வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேர். சக்கரத்தை நேராக்குகிற அலைன்மெண்ட் பார்க்க இவர். கடையைக் கூட்டி, கக்கூஸ் கழுவி, வருகிறவர்களுக்குத் தே ஆத்திக் கொடுக்க நான். பதினோரு வருஷம் அங்கே இருந்தேன். அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. கடையிலும் அவருக்குப் பேர் கிடையாது. "அலைன்மெண்ட் அண்ணே இருக்காரா?" என்றுதான் கேட்டு வருவார்கள்.

நான் ஆம்பளைகளோடு பேசிப் பழகாதவள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றேன். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் எழுந்து நின்று தரையைத்தான் பார்ப்பேன். கடையிலும் அப்படித்தான். கிளாஸை வைத்துவிட்டு வந்துவிடுவேன். சீனி போதுமா என்று கேட்கக்கூட மாட்டேன். ஆனால் காது திறந்துதான் இருந்தது. பதினோரு வருஷம் அவர் சொன்னதெல்லாம் அந்தக் காதில்தான் விழுந்தது.

டயர் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் பள்ளமுமாகக் கிண்ணம் கிண்ணமாக இருந்தால் அப்சார்பர் போய்விட்டது. ஒரே ஓரம் வழவழவென்று தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கிறது. கை ஒரு பக்கம் போகும்போது வழுக்கி, திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி உரசினால் இரண்டு முன்சக்கரமும் ஒன்றையொன்று பார்க்காமல் கோணிக்கொண்டு ஓடுகின்றன. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. தே ஆத்தும்போது காதில் விழுந்ததுதான்.

ரிட்டையர் ஆன யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வருவார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. காடியைத் தினம் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். இவர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, காத்து ரொம்ப அடிக்கிறீங்க. நடுவுல மொட்ட," என்றார்.

"தம்பி, நான் புத்தகத்தில உள்ளபடிதான் அடிக்கிறன். நாப்பது வருசமா கார் ஓட்டுறன்."

"புத்தகம் படிச்சது நீங்க ஐயா. டயர் படிக்கல."

பெரியவருக்கு வந்த கோபத்தில் தே குடிக்காமல் போய்விட்டார். அடுத்த மாதம் திரும்பி வந்தார். இறங்கினதும், "எங்க அந்த வாய்க்காரன்?" என்று கேட்டார். பிறகு அவர் வேறு கடைக்குப் போனதே இல்லை.

இன்னொரு தரம் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி. இடது முன்சக்கரம் ஓரமெல்லாம் கொத்துக் கொத்தாகப் பிய்ந்திருந்தது. இவர் அந்தப் பையனிடம், "வீட்டம்மா ஓட்டுறாங்களா? பார்க்கிங் போடுறப்ப கல்லு மேல ஏத்துறாங்க," என்றார். அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு லைசென்ஸே கிடையாது லா! டயர் பிய்யுறப்பல்லாம் இவரு என்னைத்தான் இத்தனை நாளா ராசியில்லாதவள்னு திட்டிக்கிட்டு இருக்காரு!" என்றாள். பையன் முகம் சிவந்து போனது. வங்காளதேசத்துப் பையன்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்களும் சிரித்தார்கள்.

ஆனால் இப்படிச் சிரிக்கிற நாள் குறைவு. அவரைப் பிடிக்காதவர்கள்தான் அதிகம். ஏனென்றால் அவர் வாயிலிருந்து ஓகே என்ற வார்த்தை வராது. வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், "ஓகேவா அண்ணே?" அவர், "இன்னிக்கு நேரா இருக்கு," என்பார். அதற்கு மேல் எவ்வளவு கேட்டாலும் ஒரு சொல்கூட வராது. கேட்டவர்கள் எரிச்சலோடு போவார்கள். மெஷின் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். தவுக்கே அதைக் காட்டி, "இதோ பச்சை, இதோ பச்சை, நீ ஏன் வாயைத் திறந்து ஓகே சொல்ல மாட்டேன்கிற?" என்று மலாயில் கத்துவார். இவர் அடுத்த காடிக்குப் போய்விடுவார்.

எனக்கு மட்டும் ஒரு நாள் சொன்னார். கிளாஸைத் திரும்பக் கொடுக்கும்போது, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "மெஷின் கோணத்தைப் பாக்கும் அக்கா. நேராக்கிக் குடுக்கும். அதுக்கு முன்னாடி கோணலா ஓடுன ஓட்டத்துல தேஞ்ச ரப்பர் திரும்ப வளராது. அதை எவனும் கேக்குறதில்ல."

அதனால்தான் அந்த உள்பக்கம் கை விடுகிற பழக்கம். நின்றுகொண்டு பார்த்தால் டயரின் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும். அது பூப்போட்ட புது டயர் மாதிரி இருக்கும். உள்பக்கத்து ஓரம் மொட்டையாகி, ரப்பருக்குள்ளே இருக்கிற கம்பி துருத்திக்கொண்டு நிற்கும். மனுஷன் தினமும் காடியைச் சுற்றி வந்தாலும் கண்ணில் படாது. "வெளியே தெரியுறது டயர் இல்ல, அதோட போட்டோ," என்பார்.

ஒரு டீச்சரம்மா பழைய காடி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். சேர்த்து வைத்து வாங்கியது. முகமெல்லாம் பூரிப்பு. இவர் நாலு சக்கரத்துக்கும் கை விட்டார். காடிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து, "இது அடிபட்ட காடிம்மா. நடுவுல வளைஞ்சிருக்கு. நான் எத்தனை தடவ நேராக்குனாலும் டயரத் தின்னுக்கிட்டேதான் இருக்கும்," என்றார். அந்தம்மா அங்கேயே நின்று அழுதார். தவுக்கே ஓடி வந்து, ஒன்றுமில்லை, சரி பண்ணலாம் என்றார். இவர் சாவியைத் தவுக்கே கையில் வைத்துவிட்டு, "நீ பண்ணு," என்று போய் உட்கார்ந்துகொண்டார். டீச்சரம்மாவுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் உள்ளேயிருந்து தே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. அது எனக்குத் தெரியும், தேயில் பால் வேண்டாம், சீனி வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்தே. ஆனால் அது எங்கே போய் உட்கார்ந்திருந்தது என்பது ஒரு சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

ரோட்டோரம் நின்ற ஒரு காடி. வழக்கம்போல உட்கார்ந்து கையை விட்டார், கண்ணை மூடினார். நான் பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே, வெளியே. எழுந்து, "உள்பக்கம் நல்லா இருக்கு," என்றார். கையைத் துணியில் துடைத்தார். துணி சிவப்பானது. உள்ளங்கையில் நாலு கோடு, கத்தியால் கீறியது போல. கம்பி கிழித்திருக்கிறது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

காடிக்காரர் ஃபோனில் இருந்தார். தவுக்கே உள்ளே இருந்தார். பார்த்தது நான் மட்டும்தான்.

நான் உள்ளே போனேன். சமையல் இடத்திலிருந்து சுத்தமான துணி கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கட்டிக்கொண்டு காடிக்காரரிடம் போய், "மன்னிக்கணும், தப்பாச் சொல்லிட்டேன். உள்பக்கம் கம்பி வந்திருச்சு. டயர் மாத்தணும்," என்றார். அந்த மனுஷன், "இப்பதானே நல்லா இருக்குன்னீங்க? டயர் விக்கிறதுக்கு இது ஒரு வழியா?" என்று ஏசினார். இவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

மத்தியானம் காலிக் கிளாஸைக் கொண்டுவந்து வைக்கும்போது சொன்னார். "ஒரு வருஷமா விரல் மரத்துப் போச்சு அக்கா. உள்ளங்கை மட்டும் இருந்துச்சு. அதுவும் போயிருச்சு போல. கண்ணும் மங்கல்தான். டார்ச் அடிச்சாலும் கறுப்பு மேல கறுப்புதான் தெரியுது."

"டாக்டர்கிட்ட…" என்றேன்.

"பாத்தாச்சு. போனது திரும்பாதாம்."

துணி கட்டிய கையைப் பார்த்தார். பிறகு, "உங்க கை எப்படி?" என்று கேட்டார்.

என் கை பாத்திரம் கழுவுகிற கை. சோப்புத் தண்ணியில் ஊறின கை. ஆனால் அரிசியில் ஒரு கல் கிடந்தாலும் தெரியும். அதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அடுத்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. காடி வந்து நின்றதும் அவர் சத்தமாக, "அக்கா, இங்க கொஞ்சம் கூட்டிவிடுங்க," என்பார். நான் விளக்குமாற்றோடு போய்ச் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து, கூட்டுகிற மாதிரி குனிந்து, இடது கையைச் சந்தில் விடுவேன். உள்ளே ஒரு தரம், வெளியே ஒரு தரம். பேச எனக்கு வெட்கம், பேசினால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் விளக்குமாறுதான் பேசியது. வெளி ஓரம் தேய்ந்திருந்தால் குப்பையை ரோட்டுப் பக்கம் தள்ளுவேன். உள் ஓரம் என்றால் காடிக்கு அடியில் தள்ளுவேன். ரம்பம் மாதிரி உரசினால் இரண்டு தட்டு. கம்பி வந்திருந்தால் விளக்குமாற்றை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒன்றும் இல்லை என்றால் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். நான் போன பிறகு அவர் ஒப்புக்கு ஒருதரம் கையை விட்டு, கண்ணை மூடி எழுந்து, காடிக்காரரிடம் சொல்வார்.

எட்டு மாதம் ஒரு தப்பும் வரவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அந்த எட்டு மாதமும் நான் காலையில் வேலைக்குப் போவதற்கு ஆசையாகப் போனேன். நான் தொட்டது அவர் வாயில் வார்த்தையாக வரும். பெரிய பெரிய மனுஷர்கள் எல்லாம் நின்று கேட்பார்கள். நான் உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டு கேட்பேன்.

அவருக்கு அந்த ஆசை இல்லை. ஒரு நாள் சொன்னார். "நாப்பது வருஷம் தொடாத எதையும் தொட்டேன்னு சொன்னதில்ல அக்கா. இப்ப தினம் சொல்றேன்." முகத்தில் சிரிப்பே இல்லை. "வேற வேலை தெரியாது. உங்க கை இருக்குற வரைக்கும் ஓட்டிக்கிறேன்."

அந்த வேன் வந்த நாளைச் சொல்ல வேண்டும்.

பாயான் பாரு பக்கத்து ஃபேக்டரிக்குப் பொண்ணுகளை ஏற்றிப் போகிற வேன். ரெண்டு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டும், ஸ்டேரிங் இழுக்கிறது, முன்னால் மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்று டிரைவர் அவசரப்பட்டார். நம் பிள்ளைதான், முப்பது வயசு இருக்கும். கூட ரெண்டு கூட்டாளிகள். மூன்று பேரும் வேனைச் சுற்றி நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "அக்கா, இங்க கொஞ்சம் கூட்டிவிடுங்க," என்றார் இவர்.

நான் பின்சக்கரம் இரண்டும் பார்த்தேன். நன்றாக இருந்தது. வலது முன்சக்கரம் பார்த்தேன். வெளி ஓரம் லேசாகத் தேய்ந்திருந்தது, பெரிசாக ஒன்றும் இல்லை. இடது முன்சக்கரத்துக்கு வந்தேன். டிரைவர் நான் கை விட முடியாதபடி அந்த டயரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கையில் ஃபோனோடு நின்றார். முட்டி என் முகத்துக்கு நேராக இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நகரவில்லை. கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டினேன். இந்தப் பக்கம் கூட்டினேன்.

"என்னா ஆன்ட்டி, என் காலையும் சேத்துக் கூட்டப் போறீங்களா?" என்றார் டிரைவர்.

"கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்குறாங்க போலடா," என்றான் ஒரு கூட்டாளி. மூன்று பேரும் சிரித்தார்கள்.

என் காது ரெண்டும் கொதித்தது. கொஞ்சம் தள்ளுங்க தம்பி என்று சொன்னால் தள்ளியிருப்பார். கெட்ட பிள்ளை இல்லை அது. அந்த மூன்று வார்த்தை என் தொண்டையில்தான் இருந்தது. நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். போகும்போதே தெரியும். உள்ளே போய் கிளாஸ் கழுவினேன். கூட்டம் கலைந்ததும் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் வேனை மெஷினில் ஏற்றிவிட்டார்கள். அவர் அடியில் படுத்து நட்டைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தச் சக்கரத்தின் உள்பக்கத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது, ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தரம் சமையல் இடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தது போல இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரையில் எல்லாம் பச்சை.

"ஓகேவா அண்ணே?" என்றார் டிரைவர்.

"இன்னிக்கு நேரா இருக்கு. டயரு நாலும் பாத்தாச்சு," என்றார் இவர்.

மூன்றாம் நாள், தீவுக்கு வருகிற கடல் பாலத்தின் மேல் அந்த டயர் வெடித்தது. வேன் தடுப்பில் இடித்துத் திரும்பி நின்றது. உள்ளே பதினோரு பொண்ணுகள். உயிர் ஒன்றும் போகவில்லை என்று சொன்னார்கள். முன்சீட்டில் இருந்த பொண்ணுக்கு மட்டும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இருபத்துநாலு வயசு.

டிரைவர் நெற்றியில் கட்டோடு கடைக்கு வந்தார். கூட்டாளிகள் கிழிந்த டயரைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். இவர் குத்தவைத்து உட்கார்ந்தார். டயரைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்துக்கொண்டு உள் ஓரத்தைப் பார்த்தார். கம்பி வரிசையாக நின்றது. எல்லாம் செம்பழுப்பு.

"துரு புடிச்சிருக்கு," என்றார் மெதுவாக. "நேத்து வந்த கம்பி இல்ல இது. இங்க வந்தப்பவே இருந்திருக்கு."

"நீங்கதானே பாத்தேன்னு சொன்னீங்க!" டிரைவர் அவர் சட்டையைப் பிடித்தார். "நாலும் பாத்தாச்சுன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"பாத்தீங்களா?"

"நான்தான் பாத்தேன். என் கை தப்பு."

தவுக்கே இடையில் வந்து விலக்கினார். அன்றைக்கே அவரைப் போகச் சொல்லிவிட்டார். மரத்துப்போன கையைப் பற்றி, விளக்குமாற்றைப் பற்றி, என்னைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் சமையல் இடத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது உள்ளே வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இடது முன்சக்கரம், அக்கா. உங்க கைக்கு ஒண்ணுமே தெரியலையா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே," என்றேன்.

அவர் சந்தேகப்படவில்லை. தலையை ஆட்டினார். "ஒரு மாசத்துக் கம்பி, நல்ல கைக்கே தெரியலன்னா…" என்றார். "அப்ப தொட்டுப் பாத்தாலும் தெரியாது. நாப்பது வருஷம் அதிர்ஷ்டத்துலதான் ஓடியிருக்கு." என்னைத் தேற்றுவது போல, "நீங்க மனசுல வச்சுக்காதீங்க," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நானும் அந்தக் கடையில் நிலைக்கவில்லை. புதிதாக வந்த அலைன்மெண்ட்காரர் சுறுசுறுப்பான பிள்ளை. எல்லாருக்கும் ஓகே சொல்வார்.

ஒரு வருஷம் போனது. அவர் மகள் வீட்டில் இருக்கிறார், பாயான் பாருவில் ஃப்ளாட் என்று யாரோ சொன்னார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். சீனி இல்லாத பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போது வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அன்னிக்கு நான் தொடல அண்ணே. அவ்வளவுதான். சின்ன வாக்கியம்.

நாலாம் மாடி. மகள்தான் கதவைத் திறந்தாள். நல்ல பொண்ணு, பட்டர்வொர்த்தில் ஆபீஸ் வேலை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். காலில் கட்டு. "வாங்க அக்கா," என்றார். நான் பிஸ்கட் பாக்கெட்டை மேசையில் வைத்தேன். மகள்தான் பேசினாள்.

"பாருங்க ஆன்ட்டி, காடி ஸ்டேரிங் இடது பக்கம் இழுக்குது. தினமும் பாலம் ஏறிப் போறேன். கீழ வந்து கொஞ்சம் தொட்டுப் பாருங்கன்னா மாட்டேங்கிறாரு. ஊருக்கெல்லாம் பாத்தவரு."

"கடையில விடு. மெஷின் பாக்கட்டும்," என்றார்.

"மெஷின் பாத்தாச்சுப்பா. எல்லாம் பச்சைன்னுட்டாங்க."

"அப்ப பச்சதான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலியா என்று பார்த்தேன். இல்லை. நிஜமாகத்தான் சொன்னார். அதைக் கேட்ட பிறகு என் சின்ன வாக்கியம் எங்கே போனது என்றே தெரியவில்லை. தே குடித்தேன். வரேன் என்று எழுந்தேன். வழியனுப்ப வந்த மகள் வராண்டாவிலிருந்து கீழே காட்டி, "அதோ அந்தச் சிவப்புதான் ஆன்ட்டி," என்றாள்.

கீழே இறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன். பிறகு திரும்பி வந்தேன். சிவப்புக் காடிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. உட்கார்ந்து இடது முன்சக்கரத்துச் சந்தில் கையை விட்டேன். பாதி தூரம் நல்ல டயர். அதற்குப் பிறகு ரப்பர் வழுக்கியது. அதற்கும் அந்தப் பக்கம் ஊசி ஊசியாகக் கம்பி.

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. நாலு மாடியும் படியேறினேன். கதவைத் திறந்த மகளிடம் மூச்சு வாங்கிக்கொண்டே, "காடிய எடுக்காதம்மா. இடது முன்சக்கரம் உள்பக்கம் கம்பி வந்திருச்சு," என்றேன். அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசினது இல்லை.

அவர் ஜன்னலோரத்திலிருந்து திரும்பினார்.

"எப்படித் தெரியும்?"

"தொட்டேன் அண்ணே."

"எவ்வளவு அகலம்?" கடையில் கேட்கிற குரல்.

"ரெண்டு விரல் இருக்கும்."

"உடனே தெரிஞ்சுச்சா? தேடணுமா?"

"உடனே தெரிஞ்சுச்சு."

அவர் சந்தில் கையை விட்டிருக்கும்போது மூடுவது போலக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது காடிக்காரர்களைப் பார்ப்பது போல என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அன்னிக்கு நீங்க தொடவே இல்ல."

"அந்தத் தம்பி டயரு மேல கால வச்சிருந்துச்சு," என்றேன். "தள்ளுங்கன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு அண்ணே."

"வெக்கம்," என்றார். கேள்வியா, திட்டா என்று புரியாத மாதிரி. இன்னொரு தரம் சொன்னார், "வெக்கம்."

"என்னப்பா? யாரைச் சொல்றீங்க?" என்று மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்கு லீவு போடு. டயர் மாத்தாம காடிய எடுக்காத," என்றார் மகளிடம். பிறகு என்னிடம், "நீங்க போங்க அக்கா," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் போய்விட்டேன்.

மூன்று நாள் கழித்து மகள் ஃபோன் பண்ணினாள். நம்பரை வாங்கி வைத்திருந்தாள். "டயர் மாத்திட்டேன் ஆன்ட்டி. கடைக்காரரே பயந்துட்டாரு. இன்னும் ரெண்டு தடவ பாலம் ஏறியிருந்தா அவ்வளவுதான்னாரு. ரொம்ப நன்றி ஆன்ட்டி."

"சரிம்மா," என்றேன்.

அவள் ஃபோனை வைக்கவில்லை. "ஆன்ட்டி, அப்பா அந்தப் பழைய டயரைக் கடையில விடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஹால்ல வச்சிருக்காரு. காலையிலேர்ந்து பக்கத்துலேயே உக்காந்து, கண்ண மூடிக்கிட்டு, கைய வச்சு உள்ளயும் வெளியயும் தேச்சுக்கிட்டே இருக்காரு. எதுவும் தெரியுதாப்பான்னு கேட்டா இல்லங்கிறாரு. மறுபடியும் தேய்க்கிறாரு. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியலம்மா," என்றேன்.